சோணைமுத்து பாஸ் பண்ணிய கடல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் சோணைமுத்து வீட்டு டிவியைச் சுவரிலிருந்து கழற்றுகிறார். மர பெஞ்சின் மேல் வைத்து, முதுகுக்கு இரண்டு ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்து, சாய்வாக நிறுத்துகிறார். கம்பெனியில் துணி பார்க்கும் மேஜை எவ்வளவு சாய்ந்திருக்குமோ அவ்வளவு சாய்வு. பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றால் திரையைத் துடைக்கிறார். மகள் நதியா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து ஒயரைச் செருகி, மவுசை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போகிறாள். நாற்காலி பக்கத்திலேயே கிடக்கிறது, உட்கார மாட்டார். "உக்காந்தா கண்ணு ஓடாது தம்பி" என்பது அவர் கட்சி. நின்றபடியே, கடலின் அடித்தரையை மேலிருந்து கீழாக ஓடவிட்டுப் பார்க்க ஆரம்பிக்கிறார்.

அவர் தேடுவது ஒரு நீர்மூழ்கிக் கப்பலை. இரண்டாம் உலகப் போரில் கிளம்பிப் போனது, திரும்பவில்லை. கப்பலின் பெயரும் எந்தக் கடல் என்பதும் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். எழுதினால் பழைய இரும்புக்காரர்கள் முந்திக்கொள்வார்களாம். கடலுக்கடியில் கிடக்கிற போர்க்கப்பலை அறுத்து மேலே தூக்கி எடைக்குப் போடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. கட்டிங் வேஸ்ட்டுக்கு அடித்துக்கொள்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் நாம் ஆச்சரியப்பட முடியாது. மற்றபடி திருப்பூரில் கடல் கிடையாது. நொய்யல் இருக்கிறது, அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

நான் வீரபாண்டியில் லேபிள், ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறவன். அருள்புரத்தில் ஈஸ்வரமூர்த்தி என்பவருடைய பனியன் கம்பெனிக்கு ஸ்டிக்கர் கொண்டுபோய்க் கொடுக்கப் போன இடத்தில்தான் சோணைமுத்து பழக்கம். முதல் நாள் அவர் என்னிடம் வணக்கம் சொல்லவில்லை. என் சட்டையைப் பார்த்துவிட்டு, "காலருக்குக் கீழ நூலு விட்டுருக்கு தம்பி, பாத்துக்கங்க" என்றார். அன்று அந்தச் சட்டையோடு பெண் பார்க்கப் போகவேண்டியிருந்தது. போனேன், சரிப்படவில்லை. அதற்கும் நூலுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சோணைமுத்துவுக்குச் சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். கல்யாணமான புதிதில் வந்தவர், மண்ணரையில் லைன் வீட்டில் தங்கிவிட்டார். பேச்சில் பாதி அந்த ஊர், பாதி இந்த ஊர். வேலை, துணி பார்ப்பது. மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும். மேலே துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட கோடு எது வந்தாலும் நிறுத்தி, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். பழுதின் மேல் ஒட்டக் கூடாது. பசை பிடித்தால் அதுவே இன்னொரு பழுது. துணியின் ஓரத்தில், அம்பு உள்பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்ட வேண்டும். ஸ்டிக்கரில் பார்த்தவரின் நம்பரை எழுத வேண்டும். சோணைமுத்துவின் நம்பர் பதினொன்று.

இந்தக் கண்ணை அவரால் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வருவார். கல்யாண மண்டபத்தில் பந்தல் துணியை அண்ணாந்து பார்ப்பார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தாரா என்று கேட்டால் யோசிப்பார். ஓட்டை இருந்தும் அவர் பேசாமல் விடுகிற ஒரே சாமான் தோசைதான்.

இவருக்குக் கடலைக் கொடுத்தவர் மார்ட்டின். ஐரோப்பாவில் நம் துணியை வாங்குகிற பையர் கம்பெனி ஒன்றின் தரப் பரிசோதகராக இருந்தவர். வருஷா வருஷம் வருவார். ஒட்டகச்சிவிங்கி உயரம், ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். அவர் வாயிலிருந்து இரண்டு ஆங்கில வாக்கியம்தான் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பழுது கண்டால் விரலை வைத்து, "மார்க் இட்" என்பார், குறி போடு என்று. அடுத்து நிமிர்ந்து, "ஹூ பாஸ்டு திஸ்?" என்பார். யார் பாஸ் பண்ணினது? அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாஸ் பண்ணின ஆள் கையைத் தூக்கிவிட்டால் அந்த ஒரு ரோலை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். யாரும் கை தூக்காவிட்டால் அந்த லாட்டில் இருக்கிற அத்தனை ரோலையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லாத இடத்தில் பழுது என்றால் நம்பரும் இருக்காது. நைசாகத் தலையைக் குனிந்துகொள்ளலாம். சோணைமுத்து தூக்கிவிடுவார். "கையத் தூக்குனா ஒரு ரோலு. தூக்காட்டி ஊரே நின்னு பாக்கணும்" என்று காரணம் சொல்வார்.

மார்ட்டின் ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகிவிட்டது. புது வருஷத்துக்கு வாட்ஸப்பில் ஒரு பூங்கொத்து அனுப்புவார். சோணைமுத்து பதிலுக்குப் பொங்கல் பானை அனுப்புவார். அவ்வளவுதான் உறவு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், உனக்கு ஒரு துணி அனுப்புகிறேன், பார்த்துச் சொல் என்று எழுதி நீளமாக ஒரு படம் அனுப்பினார். சாம்பல் நிறம், உள்ளே கறுப்பும் வெள்ளையும் கலந்து பொரிப் பொரியாக. பார்த்தால் சாட்சாத் கிரே மெலாஞ்ச் துணி. நம் ஊரில் பாதிப் பேர் அதில் டிரவுசர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோணைமுத்து முழுசாகப் பார்த்துவிட்டு, நூல் சரியில்லை, பொட்டு அதிகம், ரிஜெக்ட் என்று பதில் போட்டார். கடலைத் திருப்பி அனுப்பின ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்புறம்தான் மார்ட்டின் விஷயத்தைச் சொன்னார். அது ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்கி, கடலின் அடித்தரையை எடுத்த படம். கப்பலின் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்துக்கொண்டே போனால் இப்படி நீள நீளமாக வந்துகொண்டிருக்கும். மார்ட்டினின் அப்பா அந்த நீர்மூழ்கியில் போனவர். போகும்போது அம்மா வயிற்றில் மார்ட்டின். அதில் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து, பணம் போட்டுக் கப்பல் எடுத்துத் தேடுகின்றன. படங்கள் மலைபோல் குவிந்துவிட்டன. பார்க்கக் கண் பத்தவில்லை. உன்னைப் போல ஓடுகிற துணியைப் பார்க்கத் தெரிந்த ஆள் எனக்கு வேறு யாரையும் தெரியாது என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவரும் சந்தேகம் என்றால் கப்பல் அங்கே திரும்பிப் போய்க் கேமராவை இறக்கும். ஒருவர் மட்டும் சந்தேகம் என்றால் மார்ட்டின்தான் முடிவு சொல்வார்.

மூன்று வருஷத்தில் சோணைமுத்து கண்டுபிடித்தவை: பாறைகள், கப்பலிலிருந்து விழுந்த கண்டெய்னர் ஒன்று, பிய்ந்துபோன மீன் வலைகள், அந்தக் கண்டெய்னரிலிருந்து கொட்டியதோ என்னவோ, டயர்கள். ஒரு தடவை அச்சு அசலாக நீர்மூழ்கியே கிடைத்து, நதியா காலேஜ் தோழிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அது எண்ணெய்க் குழாய். "எங்க ஊருல மாடு காணாமப் போனா நாலு நாளு தேடிட்டு விட்டுருவாக" என்பார் மனைவி ராக்கம்மாள். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறார். வாரத்தில் தவறவிட்ட சீரியலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மறு ஒளிபரப்பில்தான் அவர் பார்க்க முடியும். டிவியோ கடலில் கிடக்கும்.

உமக்கு என்ன வந்தது, எவருடைய அப்பாவோ என்று நான் ஒரு தடவை கேட்டேன். செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தொப்பி போட்ட மாலுமி, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. "இருபத்தாறு வயசு தம்பி. மார்ட்டின் சாருக்கு எம்பத்திமூணு. அப்பனத் தேடுறேன்னு அவரு சொல்றாரு. பேரன் வயசுப் பயல தேடிக்கிட்டு இருக்காரு" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நானும் அதற்கு மேல் கேலி பேசவில்லை.

இனி வருவது ஒரு கோட்டின் கதை. பனியன் துணி மெஷினில் குழாயாகத்தான் ஓடி வரும். தட்டையாகச் சுருட்டி, பிறகு ஒரு பக்கம் வெட்டி விரித்தால், எதிர்ப்பக்கம் மடிந்திருந்த இடம் துணியின் நடுவில் நேர்கோடாக விழும். அது பழுதில்லை, ஆவியில் போட்டால் பெரும்பாலும் போய்விடும். அதனால் துணி பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே, நடுக்கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டாதே என்பதுதான். வருஷக்கணக்கில் பார்த்தால் கண் தானாகவே அந்தக் கோட்டைத் தாண்டிக் குதிக்கப் பழகிவிடும். சோணைமுத்துவின் கண் நன்றாகவே பழகியிருந்தது.

போன ஆடி முடிந்து ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். தைத்து முடித்த குழந்தைகள் சட்டை ஒரு லாட்டே திரும்பி வந்துவிட்டது. எல்லாவற்றிலும் நெஞ்சுக்கு நேராகப் பொடி ஓட்டை. துணியை எடுத்துப் பார்த்தால் நடுக்கோட்டை ஒட்டினாற்போல் வரிசையாக இருக்கிறது. ஸ்டிக்கர் இல்லை. யாரும் கேட்பதற்கு முன்பே சோணைமுத்து கையைத் தூக்கிவிட்டார். முதலாளி ஈஸ்வரமூர்த்தி சத்தம் போடுகிற ஆளில்லை. மரியாதை கூடக் கூடத்தான் நமக்குப் பயம் வரும். "ஏனுங்க சோணைமுத்து, கோட்டைப் பாக்க வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன். கோட்டுக்குப் பக்கத்துலயும் பாக்க வேண்டாம்னு சொன்னனுங்களா?" என்று கேட்டார்.

சோணைமுத்து மேஜைக்குப் போனார். துணியின் நடுக்கோட்டு ஓரத்தை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு அரை நாள் லீவு கேட்டார். அம்மா செத்ததற்கே முழு நாள் வேலை பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போனவர் அவர். ஈஸ்வரமூர்த்தி பயந்துபோய், "அட, நான் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றாராம். நேராக என் கடைக்கு வந்தார். டிவிக்கு ஒயர் செருகத் தெரியுமா என்று கேட்டார். நதியா காலேஜில் இருந்தாள், லேப்டாப் வீட்டில் இருந்தது.

வழியில் வண்டியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். கடல் படத்திலும் நடுவில் ஒரு கோடு உண்டு. இழுத்துப் போகிற கருவிக்கு நேர் கீழே இருக்கிற இடம் அதற்கே சரியாகத் தெரியாது; அதனால் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை ஓடும். மூன்று வருஷமாக அவர் அந்தப் பட்டையையும் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்திருக்கிறார். "கடலையும் துணி மாதிரியே பாத்துட்டேன் தம்பி" என்றார்.

டிவியைக் கழற்றினோம். பாஸ் பண்ணின படங்களைத் திரும்ப எடுத்து, இந்தத் தடவை நடுப்பட்டையின் இரு ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். வெயில் தாழ்ந்துவிட்டது. நான் டீ வாங்கி வந்தது ஆறிப்போனது. ஒரு இடத்தில் மவுசை நிறுத்தினார். பட்டையை ஒட்டி, பாதி அதற்குள்ளும் பாதி வெளியிலுமாக, வெள்ளையாக ஒரு கீற்று. எனக்கு அது கோட்டின் பிசிறு மாதிரித்தான் தெரிந்தது. "பிசிறு இம்புட்டு நேரா இருக்காது" என்றார். அதன் நடுவில் சின்னதாக ஒரு புடைப்பும் இருந்தது. எண்ணெய்க் குழாய்க்குப் புடைப்பு இருக்காது.

விஷயம் அதோடு முடியவில்லை; படத்தோடு இருந்த குறிப்புகளை நான் வாசித்தேன். அந்தப் படத்தைப் பார்த்த இன்னொருவர், மார்ட்டின் ஊரில் ரிட்டயர் ஆன நர்ஸ் அம்மாள். அவர் சந்தேகம் என்று குறித்திருந்தார். சோணைமுத்து பாஸ் என்று குறித்திருந்தார். அதற்கு முந்தின வருஷம் முடிவு மார்ட்டினிடம் போயிருக்கிறது. என் திருப்பூர் ஆள் பாஸ் பண்ணினால் அங்கே ஒன்றும் இருக்காது என்று எழுதி, மார்ட்டின் கப்பலை வேறு பக்கம் அனுப்பிவிட்டார். தானும் அந்தக் கப்பலில் ஏறிப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். வந்த பிறகு இருதயத்தில் ஆபரேஷன். இனிக் கடலில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் மிச்சமிருக்கிற பணத்துக்குக் கப்பல் இன்னும் ஒரே ஒரு தடவைதான் போகும். அதுவும் எங்கே போவதென்று அந்த மாதம் முடிவாக வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் வியாபாரி; நாலு வார்த்தையைப் பஞ்சில் சுற்றிக் கொடுக்கத் தெரியும். மறுபரிசீலனையில் புதிதாக ஒரு சந்தேகம் எழுந்துள்ளது என்று ஆரம்பித்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். தமிழில் சொன்னேன். வேண்டாம் என்றார். "நா பாஸ் பண்ணேன், அது தப்பு, கோட்டுக்குப் பக்கத்துல நா பாக்கலன்னு எழுதுங்க. கீழ பதினொண்ணுன்னு போடுங்க" என்றார்.

பெரியவர் ஆபரேஷன் ஆனவர், அவர் ஒரு வருஷத்தைத் தொலைத்ததே நம்மால்தான் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல வேண்டுமா என்று நான் வாதாடினேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அதுக்குத்தேன் சொல்றேன் தம்பி. நாந்தேன்னு கையத் தூக்காட்டி, அவரு எல்லா ரோலையும் முதல்ல இருந்து பாக்கச் சொல்லுவாரு. அதுக்கு அவருக்கு நாளு இருக்கா?"

அப்படியே எழுதி அனுப்பினேன். பதினொன்றையும் போட்டேன்.

பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவி சுவரிலேயே இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. ராக்கம்மாள் தன் சீரியலெல்லாம் உட்கார்ந்து பார்த்தார், ரசிக்கவில்லை. நான் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வாசலுக்கே வந்துவிட்டார். "அந்தப் பெருசுக்கு என்னமோ ஏதோன்னு பயந்து சோறு எறங்கல இவருக்கு. நீங்க ஒரு போன் போட்டு, இருக்காகளா இல்லையான்னு மட்டும் கேளுங்க" என்றார். உள்ளே சோணைமுத்து போர்வை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஓட்டை எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

போன் போட எனக்குத் தைரியம் வரவில்லை. நல்லவேளை, பதில் வந்துவிட்டது. மார்ட்டின் வழக்கம்போல ஒரு வார்த்தை அதிகம் எழுதவில்லை. கையைப் பார்த்தேன், அந்த ஒரு ரோல் போதும் என்று இருந்தது. சோணைமுத்துவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்போதுதான் என் சட்டையைப் பார்த்து, கை மடிப்பில் தையல் கோணியிருக்கிறது என்றார். ஆள் தேறிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

கப்பல் போனது. கேமராவை இறக்கப்போகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது, நேரமும் நமக்குக் காலை வேளை. என்னையும் கூப்பிட்டிருந்தார். ஈஸ்வரமூர்த்தி யாரும் கூப்பிடாமலே வந்து, செருப்பை வெளியில் விட்டு, "நானும் பாக்கலாமுங்களா?" என்று கேட்டு நின்றார். பெஞ்சில் சாய்த்த டிவியில் கடல். நதியா பிடித்திருந்த செல்போனில் மார்ட்டின். தன் வீட்டில், மடியில் கம்பளியோடு.

ரொம்ப நேரம் வெறும் பச்சைத் தண்ணீர்தான். பிறகு சேறு. மீன் ஒன்று வந்து கேமராவை விசாரித்துவிட்டுப் போனது. சட்டென்று திரையின் ஒரு பக்கம் இருட்டாகச் சுவர் எழுந்தது. துருவும் பாசியும் மண்டி, மேலே மீன் வலை ஒன்று போர்த்தியிருந்தது. சுவர் மேலே போகப் போக ஒரு கூண்டு தெரிந்தது, நீர்மூழ்கியின் மேலே ஆள் ஏறி நிற்கிற கூண்டு; படத்தில் புடைப்பாகத் தெரிந்தது அதுதான். ராக்கம்மாள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், குக்கர் விசில் அடித்துவிடக் கூடாதென்று.

கப்பலிலிருந்து ஒரு பெண் குரல் பேசியது. அடையாளம் சரியாக இருக்கிறது, இதுதான். எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை; எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள். எதையும் தொட மாட்டோம், எதையும் எடுக்க மாட்டோம், இந்த இடம் எங்கே என்று யாருக்கும் சொல்ல மாட்டோம். ஈஸ்வரமூர்த்திக்கு என்ன சொன்னார்கள் என்று நான் தணிந்த குரலில் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ட்டின் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். மறுபடி கழற்றினார். கடைசியில், கம்பெனியில் விரலை வைத்துச் சொல்வாரே, அதே குரலில் அவர் சொன்னது கேட்டது.

"மார்க் இட்."

சோணைமுத்து சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். பேனாவை நதியாவிடம் வாங்கி அதில் பதினொன்று என்று எழுதினார். பசைத்தாளை உரித்துவிட்டு, திரையில் அந்தக் கூண்டை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். தொடுவதற்கு முன் நிறுத்தினார். அதே உயரத்தில் கையை அப்படியே பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு வந்து, டிவியின் கறுப்புச் சட்டத்தின் ஓரத்தில், அம்பு உள்பக்கம் பார்க்கும்படி ஒட்டி, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினார்.